ஓர் இகரத்தின் பிழை

பழைய கிரேக்க மொழிக்கான சொல்வதெழுதும் தேர்வை அவ்வாண்டு அறுபத்திரண்டு பேர் எழுதினார்கள். அவர்களுள் நாற்பத்தொருவர், ஏழாம் வாக்கியத்தை, ‘கதவு உங்களுக்குத் திறந்திருக்கிறது’ என்பதற்குப் பதிலாக, ‘கதவு எங்களுக்குத் திறந்திருக்கிறது’ என்று எழுதியிருந்தார்கள். கிரேக்கத்தில் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஓரெழுத்துதான். அவ்வெழுத்துக்கு ஒரு மதிப்பெண். அந்த ஒரு மதிப்பெண்ணால் தேர்ச்சி தவறியவர்கள் மூவர். மூவருள் ஒருவருடைய தந்தை வழக்கறிஞர். ஆகவே விஷயம் துறையின் அறைக்குள் நிற்கவில்லை.

துணைப்பதிவாளர் ஒரு படிவம் அனுப்பினார். ‘பிழைக்குப் பொறுப்பு’ என்ற தலைப்பின்கீழ் அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன: துறை, தனிநபர். ஒன்றில் குறியிட்டு, கீழே ஒரே வாக்கியத்தில் விளக்கம் எழுத வேண்டும். துறை என்றால், துறை உறுப்பினர் அனைவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வரும், கோப்பு மூடப்படும். தனிநபர் என்றால் பெயரைக் குறிப்பிட வேண்டும்.

அந்தப் பெயர் யாருடையதாக இருக்கும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. வாக்கியங்களைப் படித்துப் பதிவுசெய்த குரல் வாசிப்பாளருடையது. அவர் ஏழாண்டுகளாக, ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர். நடப்பு ஒப்பந்தம் மாத இறுதியில் முடிகிறது. ஒப்பந்தப் பணியாளர்மீது பிழை பதிவானால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாகாது என்பது விதி.

வாசிப்பாளர் கிரேக்கம் பேசும் வீட்டில் பிறந்து, தமிழ் பேசும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். துறையில் கிரேக்கத்தைத் தாயிடமிருந்து கற்றவர் அவர் ஒருவரே. துறையின் உறுப்பினர் பட்டியலில் இல்லாதவரும் அவர் ஒருவரே. தமிழைப் பதினைந்து ஆண்டுகளாகப் பேசிவருகிறார். இரண்டு இடங்களில் மட்டும் இடறுவார். ழகரம் அவர் வாயில் ளகரமாகும். ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற இரண்டும் ஒன்றுக்கொன்று மாறிவிடும். அவருடைய தாய்மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். திருமணமான புதிதில், கையில் பையோடு வாசலில் தயாராக நின்ற மாமியாரிடம், “அத்தை, நாங்க எல்லாரும் கல்யாணத்துக்குக் கெளம்பறோம்” என்று மகிழ்ச்சியோடு சொன்னார். மாமியார் பையைக் கீழே வைத்துவிட்டு, “போய்ட்டு வாங்க. வீட்டுக்கும் ஒரு காவல் வேணுமில்ல” என்றார். அந்தப் பையை மீண்டும் எடுக்க வைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

வாக்கியங்களை இயற்றியவர் இலக்கண விரிவுரையாளர். அவரைத் துறை முழுவதும் ‘மாத்திரை’ என்றே குறிப்பிடும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று விரல் நொடித்து உயிரெழுத்துகளை அளந்தே பாடம் நடத்துவார். நாள்தோறும் அவருக்கு இரண்டு வகுப்புகள். காலையில் ஒன்று, உணவுக்குப் பின் ஒன்று. பெயர் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய கிரேக்கத்தை அது பேசப்பட்ட காலத்து ஒலியோடுதான் படிக்க வேண்டும் என்பது மாத்திரையின் கொள்கை. அவ்வொலி, இன்று கிரேக்கர்கள் பேசும் ஒலி அன்று. பழைய மொழியில், தமிழில் இருப்பதைப்போலவே, எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் தனித்தனி. இன்றைய மொழியில் நீளம் மறைந்துவிட்டது. பழைய மொழியில் சொல்லின் ஓரிடத்தில் குரல் மேலேறும், அல்லது ஏறி இறங்கும். இன்று அவ்விடத்தில் குரல் அழுந்துவதோடு சரி. அன்று பகரம் தகரம் ககரம் ஆகியவற்றோடு மூச்சை வெடித்து வெளியேற்றிச் சொன்ன மூன்று மெய்கள், இன்று காற்று உரசும் மெய்களாகிவிட்டன. சொல்லின் முதலில் வந்த ஹகரம் இருந்த இடம் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வெவ்வேறாக ஒலித்த ஆறு எழுத்துமுறைகள் இன்று ஒரே இகரத்தில் வந்து விழுகின்றன. எழுதும்போது ஆறு, படிக்கும்போது ஒன்று.

‘எங்களுக்கு’ என்பதைப் பழைய மொழியில் ஹேமின் எனலாம். ‘உங்களுக்கு’ என்பதன் முதலுயிரைத் தமிழெழுத்தில் எழுத இயலாது. உதட்டை ஊகாரத்துக்குக் குவித்து, நாவை ஈகாரத்துக்கு வைத்தால் பிறக்கும். இன்றைய ஒலிப்பில் ஹகரம் போய், இரண்டு உயிர்களும் இகரமாகி, இரண்டு சொற்களும் ‘இமின்’ ஆகின்றன.

இதுபற்றி மாத்திரைக்கும் வாசிப்பாளருக்கும் ஏழாண்டுகளாக, எதிரெதிர் மேசைகளிலிருந்து, பூசல் நடந்துவந்தது.

“உங்க கிரேக்கத்தை எங்க ஊர்க் கடையில பேசினா, தொண்டையில முள்ளு மாட்டிக்கிச்சான்னு கேட்டுத் தண்ணி குடுப்பாங்க சார்.”

“ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின கடைக்குப் போய்ப் பேசுங்க. உங்களுக்குத்தான் தண்ணி குடுப்பாங்க.”

“அந்தக் கடைக்காரன் செத்துட்டானே.”

“அவன் எழுதினது சாகலையே. ஆட்டுக் கத்தலை அந்தக் காலத்துல ரெண்டெழுத்துல எழுதியிருக்காங்க. நான் படிச்சா ‘பே’. நீங்க படிச்சா ‘வீ’. எந்த ஆடும்மா ‘வீ’ன்னு கத்தும்?”

வாசிப்பாளர் சற்று யோசித்தார். “ஆடு சொல்றது சரி சார். நீங்க சொல்றதுதான் கேக்கச் சகிக்கல.”

பாடத்திட்டம் ஒலிப்பைப்பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆகையால் இருவரும் தத்தம் வகுப்பில் தத்தம் வழியில் படித்தார்கள். மாணவர்கள் இரண்டு காதுகளையும் இருவருக்குமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுத் தேர்ச்சி பெற்றார்கள். தேர்வுப் பதிவுக்கு மட்டும் ஆண்டுதோறும் மாத்திரையின் குரலே பயன்பட்டது. இவ்வாண்டு அவருக்கு மேல்வரிசையில் நான்கு பல் கட்டினார்கள். புதுப்பல்லோடு மூச்சொலி வரவில்லை, சீழ்க்கை வந்தது. பதிவு வாசிப்பாளரிடம் போயிற்று. வாக்கியங்கள் பத்தும் அதற்கு முன்பே இயற்றப்பட்டு, அச்சாகியிருந்தன.

படிவம் வந்த மறுநாள், துறைத்தலைவர் அதை மாத்திரையின் மேசையில் வைத்தார். துறைத்தலைவர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. நிர்வாகத்தில் இருந்துகொண்டே கிரேக்கம் மறந்துவிட்டதாக அவரே சொல்வார்.

“ஒரே வரி. வெள்ளிக்கிழமைக்குள்ள. நீங்க எழுதினா யாரும் கமா கூடத் தேட மாட்டாங்க.”

“யார் பொறுப்புன்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்களா மேடம்?”

“நான் முடிவு பண்ணா உங்ககிட்ட ஏன் கொண்டு வரேன்? படிச்சவங்க சரியாப் படிச்சாங்களா, இல்லையா? அதைச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு. அந்தப் பொண்ணு போயிட்டா அந்த இடத்துக்கு வேற ஆள் தர மாட்டாங்க.”

மாத்திரை அன்று பிற்பகல் ஒலிக்கூடத்துக்குப் போனார். ஒலிக்கூடம் தரைத்தளத்தின் கோடியில் இருந்தது. சுவர்களில் முட்டைத் தட்டுபோலக் குழிகுழியான சாம்பல்நிற நுரைப்பலகை. நடுவே ஒரு மேசை, ஓர் ஒலிவாங்கி. கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் கருவிகள். பொறுப்பாளரான பெண் காதொலிப்பானைக் கழுத்தில் மாலைபோலப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிரேக்கம் அவருக்கு ஓரெழுத்தும் தெரியாது. எல்லாரும் அவரிடம் வருவதற்குக் காரணமும் அதுதான்.

“தேர்வுப் பதிவு வேணுமா சார்? வெட்டினதா, வெட்டாததா?”

“வெட்டாதது.”

வாசிப்பாளரின் குரல் ஒலித்தது. ஆறு வாக்கியங்கள் ஓடின. இன்றைய ஒலிப்பின்படி பார்த்தால் ஓரிடத்திலும் குற்றமில்லை. ஆறாம் வாக்கியத்துக்கும் ஏழுக்கும் நடுவில் குரல் நின்றது. தாள் புரளும் ஓசை. நான்கு நொடி. பிறகு மூக்கால் விட்ட சிறு சிரிப்பு. பிறகு ஏழாம் வாக்கியம், மற்றவற்றைவிட நிதானமாக.

“இந்த இடைவெளியை நீங்கதான் வெட்டினீங்களா?”

“ஆமா சார். தேர்வுல சிரிப்பு எதுக்குன்னு.”

மாத்திரை அந்த நான்கு நொடியை மூன்று முறை கேட்டார். பதிவு செய்தபோதே வாசிப்பாளருக்குத் தெரிந்திருக்கிறது. எந்தச் சொல் என்று அந்தப் பதிவைக் கேட்டு ஒருவராலும் சொல்ல முடியாது என்பதை உணர்ந்து, தாளைத் திருப்பிப் பார்த்து, சிரித்து, படித்திருக்கிறார், எவரிடமும் சொல்லவில்லை. தனிநபர் என்ற கட்டத்தை நிரப்ப இந்த நான்கு நொடி போதும்.

“இதுக்கு முந்தின பதிவெல்லாம் இருக்கா? என்னோடது.”

“நாலு வருஷத்துது இருக்கு சார்.” பொறுப்பாளர் ஒன்றை ஓடவிட்டார். மாத்திரை தம் குரலைக் கேட்டார். பிறகு ஒரு சிறு சோதனை செய்தார். மூச்சொலியுள்ள தகரத்தோடு ஒரு சொல், மூச்சொலியில்லாத தகரத்தோடு ஒரு சொல், இரண்டையும் அந்தப் பதிவிலிருந்து எடுத்து அடுத்தடுத்துப் போடச் சொன்னார்.

“முதல் எழுத்து மட்டும் கேளுங்க. ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா?”

“ஒண்ணுதான்.”

“மறுபடி கேளுங்க.”

“சார், நாலு தடவ கேட்டாலும் ஒண்ணுதான். வேணும்னா ரெண்டாவதுல கொஞ்சம் கோவமா இருக்கீங்க.”

மூச்சொலி அவருடைய வாயில் வந்துவிட்டது என்று அவர் நம்பியிருந்தார். இளமையில், முகத்துக்கு நேரே மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு அது படபடக்கும்வரை பழகினார். காகிதம் படபடத்தது, ஒலிவாங்கிக்கு அது கேட்கவில்லை. அவர் மேல்தளத்துக்குப் போய், பழைய விடைத்தாள்கள் வைத்திருந்த இரும்பு அலமாரியைத் திறந்தார். நான்கு ஆண்டுகளின் தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. கதவு என்ற சொல் கிரேக்கத்தில் மூச்சொலித் தகரத்தில்தான் தொடங்கும். அச்சொல்லை முந்தைய தேர்வொன்றில், ஐம்பத்தெட்டு பேரில் இருபத்தாறு பேர் வெறுந்தகரம் போட்டு எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றின்மேலும் சிவப்பு மையில் அவரே ஒரு மதிப்பெண் குறைத்திருந்தார். கட்டின் மேலுறையில், அவருடைய நேர்த்தியான கையெழுத்தில், ‘மாணவர்களுக்குச் செவிப்பயிற்சி போதாது’ என்ற குறிப்பும் இருந்தது.

அவ்வாண்டு ஒரு மதிப்பெண்ணில் தவறியவர்களின் தந்தையருள் வழக்கறிஞர் எவரும் இல்லை போலும்.

வீட்டில், காலை உணவின்போது, மனைவியிடம் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்தார்.

“நான் சொல்றதை எழுது. கரை.”

“எந்தக் கரை? ஆத்துலயா, சட்டையிலயா?”

“என் உச்சரிப்பைக் கேட்டு எழுது.”

“உங்க உச்சரிப்பைக் கேட்டுத்தான் கேக்கறேன். ஆத்துலயா, சட்டையிலயா?”

“சட்டையில.”

மனைவி வல்லின றகரம் போட்டு எழுதினார். “இதை முதல்லயே சொல்லலாமே. பள்ளிக்கூடத்துல டீச்சர் ‘சின்ன ர’, ‘பெரிய ற’ன்னு சேத்துச் சொல்லுவாங்க, நாங்களும் பொழச்சோம். இதுக்கு எதுக்குங்க பேனா?”

இலக்கண நூல்கள் இடையினத்தையும் வல்லினத்தையும் வெவ்வேறிடத்தில் பிறப்பிக்கின்றன. மாத்திரை அவ்விதியை ஒப்பிப்பார். அவருடைய நாக்கு அதைப் பின்பற்றுவதில்லை என்பதை இருபத்தெட்டு ஆண்டு இல்லறத்தில் முதன்முறையாக அன்று காலை அறிந்துகொண்டார். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார்: நாற்பத்தொரு தாள்கள், இருபத்தாறு தாள்கள், நான்கு நொடி.

மனைவி முழுவதும் கேட்டார். “அப்போ நீங்க படிச்சுப் பசங்க தப்பா எழுதினா பசங்க தப்பு. அந்தப் பொண்ணு படிச்சுத் தப்பா எழுதினா அந்தப் பொண்ணு தப்பு.”

“நான் அப்படிச் சொல்லல.”

“மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம். இதுல எந்த ர, எந்த ற வருதுன்னு யோசிக்காதீங்க. சாப்பிடுங்க.”

அவர் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் துறைத்தலைவரின் அறையில் அவரும் மாத்திரையும் வாசிப்பாளரும் கூடினார்கள். படிவத்தை மாத்திரை நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். ‘துறை’ என்ற கட்டத்தில் குறி. அதன்கீழ் ஒரே வாக்கியம்: ‘ஒலிப்பால் வேறுபடாத இரு சொற்களை, சூழல் தராமல் வினவியது எங்கள் பிழை.’

துறைத்தலைவர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நல்லா இருக்கு சார். நானு, நீங்க, மத்த ரெண்டு பேரு. நாலு பேருக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கை. என் சர்வீஸ்ல இது மூணாவது. முந்தின ரெண்டுக்கும் ஃபைல்ல கிடந்து போரடிச்சிருக்கும்.” வாசிப்பாளரின் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு ஒண்ணும் வராதும்மா. நிம்மதியா இருங்க.”

வாசிப்பாளர் படிவத்தைக் கேட்டு வாங்கினார். தமிழை மெல்லப் படிப்பார். ஒவ்வொரு சொல்லின்மீதும் ஆட்காட்டி விரல் நகர்ந்தது. கடைசிக்கு முந்தைய சொல்லில் நின்றது.

“எங்கள். அப்படின்னா நான் இதுல இல்ல. சரியா?”

“இல்ல. அதுக்காகத்தான் அந்தச் சொல்” என்றார் மாத்திரை.

“எங்க அத்தை பையைக் கீள வச்சதுலேருந்து இந்தச் சொல் எனக்கு நல்லாத் தெரியும் சார்.” வாசிப்பாளர் தாளை மேசைமேல் வைத்தார். “இது சரியில்ல. பதிவு பண்ணும்போதே எனக்குத் தெரிஞ்சுது. ஏளாவதைப் பாத்தேன். ரெண்டும் இமின். எங்க ஆளுங்களே இது குளப்பம்னுதான் பளசு ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசாச் செஞ்சுக்கிட்டாங்க. நாங்கன்னா ‘எமிஸ்’, நீங்கன்னா ‘எஸிஸ்’. சின்னக் கொளந்தைக்குக் கூடத் தெரியும். நான் எளுந்து வந்து உங்ககிட்டச் சொல்லியிருக்கணும்.”

“ஏன் சொல்லல?” என்றார் துறைத்தலைவர்.

“சொன்னா ஆட்டுக்குட்டி வரும். அரை மணி நேரம். அன்னிக்கு நான் பஸ்ஸைப் பிடிக்கணும்.” படிவத்தை மாத்திரையின் பக்கம் நகர்த்தினார். “அது மட்டும் இல்ல. ஒரு தடவ அவரு மாட்டட்டும்னு நெனச்சேன். மாட்டினது மூணு பசங்க.”

துறைத்தலைவர் மாத்திரையைப் பார்த்தார். “உங்களுக்கு இது தெரியுமா சார்?”

“தெரியும். வெட்டாத பதிவுல நாலு நொடி இருக்கு.”

“தெரிஞ்சும் எங்கள்னு எழுதினீங்க.”

“ஆமாம்.”

அவருடைய பணிக்காலத்தில், பொருந்தாத சொல்லொன்றைத் தெரிந்தே எழுதியது அது முதல்முறை. அதைச் சுட்டிக்காட்டியவர், ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டையும் பதினைந்து ஆண்டுகளாக மாற்றிப் பேசிக்கொண்டிருப்பவர்.

“நம்மன்னு போடுங்க சார்” என்றார் வாசிப்பாளர். “நீங்க எளுதினீங்க. நான் படிச்சேன். ரெண்டு பேரும் இருக்கற சொல்லு உங்க பாஷைல இருக்கு. எங்க பாஷைல கூட இல்ல. அதைப் போடாம ஏன் மிச்சம் வைக்கறீங்க?”

“போடலாம்மா” என்றார் துறைத்தலைவர். “ஆனா என்ன ஆகும்னு தெரியுமா? துறைன்னு குறி போட்டா, உறுப்பினர் பட்டியல் கூட வைக்கணும். நம்மன்னு எழுதினா அதுல உங்க பேரும் வரணும். ஒப்பந்தத்துல இருக்கறவங்க பேர்ல பிழை பதிவானா என்ன விதின்னு தெரியும்ல? முப்பதாம் தேதியோட சரி.”

“தெரியும் மேடம். ஏளு வருஷமா எந்தப் பட்டியல்லயும் என் பேரு வந்ததில்ல. டீ பட்டியல்ல கூட ‘மத்தவங்க ஒண்ணு’ன்னுதான் இருக்கு. இந்த வருஷம் புதுப்பிச்சா, அடுத்த வருஷம் மறுபடி இதே மாசத்துல இங்க வந்து நிக்கணும். செஞ்ச தப்புலயாவது சேத்துக்கோங்க.”

மாத்திரை சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். ‘எங்கள்’ என்பதன்மேல் அடிக்கோலின் துணையோடு ஒரு நேர்க்கோடு போட்டு, அதன்மேல் ‘நம்’ என்று எழுதினார். அந்த வாக்கியத்தின் பொருட்டு அவர் வேறெதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பிறகு, கேட்கப்படாத ஒன்றையும் செய்தார். பழைய விடைத்தாள் கட்டின் மேலுறைக் குறிப்பை ஒரு தனித்தாளில் படியெடுத்து, மூச்சொலித் தகரத்தைப்பற்றிய உண்மையை அதன்கீழ் மூன்று வரியில் எழுதி, கையெழுத்திட்டு, படிவத்தோடு இணைத்தார்.

உறுப்பினர் பட்டியலைத் துறைத்தலைவர் தம் கையாலேயே எழுதினார். ஐந்து பெயர்கள். ஐந்தாம் பெயரில் எழுத்துப்பிழை செய்துவிட்டார். அதை அப்பெயருக்கு உரியவரே திருத்திக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை துணைப்பதிவாளர் தொலைபேசியில் அழைத்தார். பேச்சின் இந்தப்பக்கத்தை மட்டும் துறையினர் கேட்டார்கள்; துறைத்தலைவர் கதவை மூடவில்லை.

“ஆமா, அஞ்சு பேர்… இல்ல, கூட்டல் தப்பு இல்ல… ஒப்பந்தம்தான்… எச்சரிக்கை நிரந்தரப் பட்டியல்ல இருக்கறவங்களுக்குத்தான்னு எனக்கும் தெரியும்… புதுப்பிக்கக் கூடாதுன்னு விதி, ஆனா தனிநபர்னு குறி போட்டாத்தானே அந்த விதி வரும்? நாங்க துறைன்னுல்ல போட்டிருக்கோம்… அப்படின்னா ஒரு வழி சொல்றேன். அவங்க துறை இல்லன்னா, பட்டியல் தப்பு. பட்டியல் தப்புன்னா படிவம் செல்லாது. படிவத்தைத் திருப்பி அனுப்புங்க, நாங்க மறுபடி முதல்லேருந்து விசாரிக்கறோம், ஒரு மூணு மாசம் ஆகும். வக்கீல் சாருக்கு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க… ஆமா. யோசிச்சுச் சொல்லுங்க.”

துணைப்பதிவாளர் பிழைகளை மன்னிக்கக்கூடியவர். மூடப்படாத கோப்பை மன்னிக்கத் தெரியாதவர். எச்சரிக்கை ஐவருக்கும் அனுப்பப்பட வேண்டும். பணியில் இல்லாதவருக்கு எச்சரிக்கை அனுப்ப இயலாது. ஆகவே முப்பதாம் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக, எச்சரிக்கை பெறும் தகுதியை உண்டாக்கும் பொருட்டு, வாசிப்பாளரின் ஒப்பந்தம் ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. நிரந்தரப் பதவியைப்பற்றி அக்கடிதத்தில் ஒன்றுமில்லை. ஏழாம் வாக்கியம் நீக்கப்பட்டு, மூன்று மாணவர்களும் தேர்ச்சி பெற்றார்கள். மாத்திரை இணைத்த தனித்தாளுக்கு, ‘பார்வையிடப்பட்டது’ என்ற முத்திரையைத் தவிர வேறு பதில் வரவில்லை.

எச்சரிக்கைக் கடிதங்கள் ஐந்தும் ஒரே நாளில், ஒரே அளவு உறைகளில் வந்தன. எல்லாரும் தத்தம் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டார்கள். வாசிப்பாளர் மட்டும் தம் கடிதத்தை வாய்விட்டுப் படித்தார்.

“‘நமது துறையின் உறுப்பினராகிய தாங்கள்…’” அவர் நிமிர்ந்தார். “உறுப்பினராகிய.”

“படிவத்துல அச்சடிச்சது அது” என்றார் மாத்திரை. “எல்லாருக்கும் அதேதான்.”

“எல்லாருக்கும் அதேதான்” என்று வாசிப்பாளர் ஒப்புக்கொண்டு, மேலே படித்தார். “‘…தேர்வில் நேர்ந்த பிளைக்காக எச்சரிக்கப்படுகிறீர்கள்.’”

“பிழை.”

“பிளை.”

“ழ. நாக்கை உள்ளுக்கு மடக்கி, அண்ணத்தைத் தொடாம. பிழை.”

வாசிப்பாளர் நாக்கை மடக்கிப் பார்த்தார். பின்பு அதை அவிழ்த்துவிட்டார். “ஒலிக்கூடத்து அக்கா பிளைன்னுதான் சொல்றாங்க. மேடம் கூட அவசரத்துல பிளைன்னுதான் சொல்றாங்க. உங்க ஆளுங்கள்ல பாதிப் பேரு பிளைன்னுதான் சார் சொல்றாங்க.”

மாத்திரை இதற்கு மறுமொழி கூற வாயெடுத்தார். வழக்கமாக அந்த மறுமொழி அரைமணி நேரம் நீளும். கட்டிய பற்களில் காற்று சற்றே சீழ்க்கையடித்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். மேசைமேல் அடுத்த ஆண்டுத் தேர்வுக்கான பத்து வாக்கியங்களின் முதல் வரைவு இருந்தது. அதை எடுத்து, எதிர்மேசைக்கு நகர்த்தினார்.

“எழுதும்போது ழ போடுவீங்களா?”

“எளுதும்போது போடுவேன்.”

“அப்போ படிச்சுப் பாருங்க. சத்தமா.”

வாசிப்பாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் வாக்கியத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். மூன்றாவதில் நின்றார்.